கொள்ளுத்தாத்தா எந்தப் போர்முனையில் இறந்தார்? மெடலின் விளிம்பிலிருந்து நினைவுக்கல் வரை

கேள்வி இது: "எங்கள் கொள்ளுத்தாத்தா முனுசாமி, ஆரணிப் பக்கத்து ஊர்க்காரர். ஜெர்மன் சண்டைக்குப் போய் பிரான்ஸில் பதுங்குகுழியில் இறந்தார் என்று பாட்டி சொல்லுவார். வீட்டில் ஒரு வெள்ளி மெடல் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. அவருக்குக் கல்லறை இருக்கிறதா? அவரை முறையாக நினைவுகூர என்ன செய்யலாம்?"

பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். இந்தத் தேடலில் பாதிப்பேர் தோற்றுப்போவது அங்கேதான். முதல் உலகப் போரில் பட்டாளத்து எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். முனுசாமி என்ற ஒரே பெயர் மூனூசாவ்மி, முனிசாமி, முன்னுஸ்வாமி என்று பல எழுத்துக்கூட்டலில் கிடக்கும். தலைப்பெழுத்து இருக்காது. அதே பெயரில் அதே மாவட்டத்துக்காரர்கள் பலர் இருப்பார்கள். உங்கள் முனுசாமியை மற்ற முனுசாமிகளிடமிருந்து பிரித்துக் காட்டுபவை மூன்று: படை எண், படைப்பிரிவு, ஊர். முதல் இரண்டும் அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன, அந்த மெடலின் விளிம்பில்.

மெடலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, 36 மில்லிமீட்டர் விட்டத்தில், ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலையும் மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத வீரனும் குதிரையின் காலடியில் கழுகுக் கேடயமும் மண்டையோடும் 1914, 1918 என்ற ஆண்டுகளும் இருந்தால், அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. தொழிலாளர் படை போன்ற ஆயுதம் ஏந்தாத பிரிவுகளில் இருந்தவர்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். ஆக, வெள்ளியா வெண்கலமா என்பதே ஒரு தடயம்.

பெயர் பதக்கத்தின் முகத்தில் இருக்காது. மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத விளிம்பைச் சுற்றிச் சின்ன ஆங்கில எழுத்தில் குத்தியிருப்பார்கள். முதலில் எண், பிறகு பதவியின் சுருக்கம், பெயர், கடைசியில் படைப்பிரிவு. படைப்பிரிவு பெரும்பாலும் '79 இன்ஃபி.' (இன்ஃபன்ட்ரி, அதாவது காலாட்படை) என்பதுபோல எண்ணும் சுருக்கமுமாக இருக்கும். அதில் முற்றுப்புள்ளி உட்பட எதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

படிப்பதற்கு முன் ஒரு கெஞ்சல்: மெடலைத் தேய்க்காதீர்கள். வெள்ளியை விபூதி போட்டுத் தேய்ப்பதும், வெண்கலத்துக்குப் புளி போடுவதும் நம் வீட்டுப் பழக்கம். நூறு ஆண்டாகத் தீபாவளிக்குத் தீபாவளி அப்படித் தேய்த்த மெடல்களில் முகம் பளபளக்கும், விளிம்பு மொழுமொழுவென்று போயிருக்கும். அழுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். இருட்டறையில் வைத்து, டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்வு வெளிச்சத்தின் நிழலில் எழுந்து நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டுப் படங்கள் எடுங்கள். தேய்ந்த இடத்தில் மெல்லிய தாளைச் சுற்றிப் பென்சிலால் மெதுவாக உரசினால் சில எழுத்துகள் பதியும். 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் படிப்பது சாதாரணமாக நடக்கும் தவறு. சந்தேகமுள்ள இலக்கத்துக்கு இரண்டையும் குறித்துவையுங்கள். இன்னொன்று, அன்றைய இந்தியப் படையில் எண் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனியாக ஓடியது. வேறு பிரிவில் அதே எண்ணுக்கு இன்னொருவர் இருப்பார். எண்ணையும் பிரிவையும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

பரணையும் ஒருமுறை பாருங்கள். இறந்தவரின் குடும்பத்துக்குத் தனியாக ஒரு வெண்கலத் தட்டு அனுப்பினார்கள். 12 சென்டிமீட்டர் விட்டம், நல்ல கனம். கையில் மாலையுடன் ஒரு பெண் உருவம், முன்னால் சிங்கம், சின்னதாக இரண்டு டால்ஃபின், ஒரு கட்டத்துக்குள் புடைத்த எழுத்தில் இறந்தவர் பெயர். பதவியும் எண்ணும் இருக்காது, சாவில் சிப்பாயும் அதிகாரியும் ஒன்று என்று வேண்டுமென்றே விட்டார்கள். பல வீடுகளில் அது என்னவென்று தெரியாமல் பழைய பாத்திரத்தோடு கிடக்கும். அது கிடைத்தால், அவர் போர்க்காலப் பணியில் இறந்தவராகவே பதிவாகியிருக்கிறார் என்று பொருள். மெடல் உயிரோடு திரும்பியவர்களுக்கும் கொடுக்கப்பட்டது, தட்டு அப்படியல்ல.

இனி பிரான்ஸ் விஷயம். பாட்டி சொன்னதில் இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். 1914-15இல் பிரான்ஸ், பெல்ஜியப் பதுங்குகுழிகளில் நின்ற லாகூர், மீரட் டிவிஷன்களில் மதராஸ் காலாட்படைப் பிரிவு ஒன்றுகூட இல்லை. அங்கே நின்றவர்கள் பஞ்சாபிகள், கூர்க்காக்கள், கட்வாலிகள், பதான்கள். தமிழர்கள் சேர்ந்த பிரிவுகள் வேறு: பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியியல் படை, 61, 64, 81 என்ற எண்களில் பயனியர் (பாதை போட்டு, குழி வெட்டும் காலாட்படை) பிரிவுகள், 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 83ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 73, 75, 79, 80, 86, 88 என்ற எண்களில் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி. (கர்நாடிக் என்பது கர்நாடக மாநிலமல்ல, ஆற்காட்டுச் சீமையின் பழைய பெயர்.) பாளையங்கோட்டைப் பிரிவும் 61ஆம் பயனியரும் 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் இறங்கி அடிவாங்கின. தாங்கா இன்று தான்சானியாவில் இருக்கிறது. உங்கள் மெடலில் காலாட்படைப் பெயர் இருந்தால் பிரான்ஸைவிட மெசபடோமியாவுக்கே வாய்ப்பு அதிகம், அதாவது இன்றைய இராக். பிரான்ஸ் என்பது உண்மையாக இருக்க வேண்டுமானால் அவர் கோவேறு கழுதை ஓட்டியவராகவோ, மருத்துவமனை ஊழியராகவோ, சமையல், தண்ணீர் சுமப்பு போன்ற 'ஃபாலோயர்' பணியில் இருந்தவராகவோ இருக்கலாம். அப்படியிருந்தால் விளிம்பிலேயே அது தெரியும்.

மெசபடோமியா என்று வந்தால் அது குறைந்த சாவு இல்லை. டைக்ரிஸ் ஆற்றுக்கும் சதுப்புக்கும் நடுவே சன்னையாத், ஹன்னா போன்ற இடங்களில் தோண்டிய குழிகளில் வெள்ளம் புகுந்து இடுப்பளவு நின்றது. கோடையில் அதே குழி அடுப்பாகியது. குண்டைவிடக் காலராவும் சீதபேதியும் வெயிலும் அதிகம் பேரைக் கொண்டுபோயின. பச்சைக் காய்கறி கிடைக்காமல் ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோய் இந்தியச் சிப்பாய்களை வாட்டியது. பதிவில் 'நோயால் இறந்தார்' என்று வந்தால் குடும்பத்தில் சிலருக்கு மனம் சுருங்குகிறது. சுருங்க வேண்டியதில்லை. அதுவும் அந்தப் போர் கொன்ற சாவுதான், நினைவுப் பதிவிலும் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது.

எண்ணும் பிரிவும் கையில் வந்தபின் செல்ல வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். 1917 மே மாதம் தொடங்கப்பட்ட அமைப்பு. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரை நினைவுகூர்கிறது. தேடல் இலவசம். பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். போர் என்ற இடத்தில் முதல் உலகப் போர், பணியாற்றிய படை என்ற இடத்தில் இந்தியப் படை, பிரிவு என்ற இடத்தில் உங்கள் படைப்பிரிவு. வரும் பட்டியலை அட்டவணைக் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். அதைக் கணினியில் திறந்து எண்ணை வைத்து வடிகட்டுங்கள். எண் தேய்ந்துபோயிருந்தால் 'கூடுதல் தகவல்' என்ற பத்தியைப் பாருங்கள். இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, இன்ன ஜில்லா, மதராஸ் என்ற வரிசையில் அங்கே எழுதியிருப்பார்கள். பல பதிவுகளில் அது காலியாகவும் இருக்கும்.

பெயரை வைத்தே தேட வேண்டிய நிலை வந்தால் ஒன்று கவனியுங்கள்: இந்தியச் சிப்பாயின் ஒற்றைப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் கிடக்கும், முதற்பெயர்க் கட்டத்தில் தேடினால் வராது. முழுப்பெயரை அடிக்காமல் மூன்று நான்கு எழுத்தோடு வடிகட்டுங்கள். சாமி என்ற முடிவை 'எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய்' என்று எழுதுவது அன்றைய வழக்கம். ஊரின் பெயரிலும் அதே கதைதான். ஆரணி 'ஏ-ஆர்-என்-ஐ' என்று சுருங்கியிருக்கும், வந்தவாசி வாண்டிவாஷ், திருச்சி டிரிச்சினாப்பொலி. ஜில்லாவும் பழைய ஜில்லா: இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு வட ஆற்காடு என்று தேட வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்றால் சேலம்.

பதிவு கிடைத்ததும் எந்த நினைவிடம் என்று பாருங்கள், அதுவே போர்முனையைச் சொல்லிவிடும். பஸ்ரா நினைவிடம் என்றால் மெசபடோமியா. நவ்-சாப்பல் என்றால் பிரான்ஸ், பெல்ஜியம். ஹெல்லஸ் என்றால் கலிப்போலி. ஹெலியோபோலிஸ் என்றால் எகிப்து, பாலஸ்தீனம். நைரோபி, தாருஸ்ஸலாம், தாங்கா என்றால் கிழக்கு ஆப்பிரிக்கா. டெல்லி இந்தியா கேட்டில் பதின்மூவாயிரத்துக்கும் மேல் பெயர்கள் இருக்கின்றன. அங்கே பெயர் இருப்பதால் உடல் டெல்லியில் இருப்பதாகப் பொருளில்லை, வடமேற்கு எல்லையில் இறந்தவர்களே அதில் மிகுதி.

நினைவிடம் என்று வந்தால் தெரிந்த கல்லறை இல்லை என்று அர்த்தம். இது உங்களுக்கு வலிக்கும், காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்துச் சிப்பாய்களின் உடல் முடிந்தவரை எரிக்கப்பட்டது, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் புதைக்கப்பட்டார்கள். ஆகவே இந்துவுக்குக் கல்லறை இல்லாதது அவமதிப்பினால் மட்டும் அல்ல. ஆனால் அவமதிப்பும் இருந்தது, அதை மூடிப் பேசக் கூடாது. 1929இல் திறந்த பஸ்ரா நினைவிடத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் கல்லில் பெயர் இருக்கிறது. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, சாதாரணச் சிப்பாய்களைப் பிரிவின் பெயருக்குக் கீழே 'இத்தனை பேர்' என்று எண்ணிக்கையாக நிறுத்தினார்கள். அவர்கள் பெயர் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அமாரா நகரில் இந்தியர்களுக்கென்றே இருக்கும் இடுகாட்டில் சுமார் 5,000 பேர் கிடக்கிறார்கள், விரல்விட்டு எண்ணக்கூடியவர்களைத் தவிர யாருக்கும் பெயர் இல்லை. ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர்வரை, பெயராலோ வேறு எந்த வகையிலோ நினைவுகூரப்படாமலே போயிருக்கலாம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர்தான் இதில் பெரும்பகுதி. ஆகவே பதிவு கிடைக்கவில்லை என்றால் பாட்டி சொன்னது பொய் என்று முடிவுகட்டாதீர்கள்.

பஸ்ராவுக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். அந்த நினைவிடம் 1997இல் இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, நாசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் மறுபடி கட்டப்பட்டது. பயண எச்சரிக்கைகளைப் பார்க்காமல் திட்டமிட வேண்டாம். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தின் பின்பகுதியில் மதராஸ் 1914-1918 நினைவிடம் இருக்கிறது, ஆயிரத்துக்கும் மேல் பெயர்கள். அது இந்திய மண்ணிலேயே இறந்து, பராமரிக்க முடியாத இடுகாடுகளில் கிடப்பவர்களுக்கானது. வெளிநாட்டில் இறந்த சிப்பாயின் பெயரை அங்கே தேடி ஏமாறுகிறவர்கள் உண்டு.

இறந்த தேதியும் பிரிவும் கிடைத்துவிட்டால், அவருடைய கடைசி நாளுக்கு மிக அருகில் கொண்டுபோகும் ஆவணம் ஒன்று இருக்கிறது: பிரிவின் போர் நாட்குறிப்பு. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 95' என்ற வரிசையில் இருக்கிறது. இந்தியப் பிரிவுகளுக்குப் பலவற்றைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தக் குழியில் இருந்தார்கள், அன்று மழையா, எத்தனை மணிக்குத் தாக்குதல் என்பதெல்லாம் அதிகாரியின் கையெழுத்தில் வரும். ஆனால் உங்கள் தாத்தா பெயர் இருக்காது. சிப்பாய்களை 'ஐ.ஓ.ஆர்.' என்று எழுதுவார்கள், 'மற்ற இந்தியப் பதவியினர்' என்பதன் சுருக்கம். 'இரண்டு ஐ.ஓ.ஆர். இறப்பு' என்ற வரியும் ஆணையப் பதிவின் தேதியும் ஒன்றானால் அந்த இருவரில் ஒருவர் அவர். தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்துப் படியுங்கள். காயம்பட்டது ஒரு நாள், மருத்துவமனையில் இறந்தது இன்னொரு நாள் என்று அடிக்கடி இருக்கும். 1916 மேக்குப் பிறகு இறந்திருந்து, பிரிவோ ஆளோ மெசபடோமியாவின் கூத் நகரில் அகப்பட்டிருந்தால், போர்க்கைதியாக இறந்திருக்கலாம். அங்கே 147 நாள் முற்றுகைக்குப் பின் 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் துருக்கிப் படையிடம் சரணடைந்தார்கள். அப்படியானால் ஜெனிவா செஞ்சிலுவைச் சங்கத்தின் கைதி அட்டைகளையும் பாருங்கள், அவையும் இணையத்தில் உள்ளன.

தனிப்பட்ட பணிப்பதிவேடு வேண்டும் என்று அலைந்து நாளை வீணாக்க வேண்டாம். மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை 1920களில் செலவுக் குறைப்புக்காகக் கலைத்துவிட்டார்கள், பயனியர் பிரிவுகளை 1933இல். இன்று வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் 1941இல் மறுபடி எழுப்பப்பட்டது. ஆகவே அங்கே கேட்டால் முதல் போர்ச் சிப்பாயின் தாள் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாப்பர் என்றால் கதை வேறு, அந்தப் படை அறுபடாமல் பெங்களூரில் தொடர்கிறது, எழுதிக் கேட்கலாம்.

ஊரிலேயே ஒரு சான்று இருக்கலாம். போருக்குப் பின் 'இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர்விட்டனர்' என்று பொறித்த சலவைக்கல் பலகைகளை அரசு பல ஊர்களில் பதித்தது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இன்றும் ஒன்று இருக்கிறது, 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று. சாவடி, பழைய பள்ளிக்கூடம், தாலுகா கச்சேரி, பஜனை மடம் ஆகியவற்றின் சுவரைப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்திருப்பதும் உண்டு. பெயர் இருக்காது, எண்ணிக்கைதான். ஆனாலும் ஊரிலிருந்து ஆள் எடுத்ததற்கு அது கல்லில் எழுதிய சாட்சி.

பதிவில் பெயர் தவறாக இருந்தாலோ, ஊர் விடுபட்டிருந்தாலோ, பெயரே இல்லாவிட்டாலோ ஆணையத்துக்கு எழுதலாம். கேட்பது இரண்டே: அவர் பணியில் இருந்ததற்குச் சான்று, 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலான காலத்தில் பணியில் இருக்கும்போதோ அந்தப் பணியின் காரணமாகவோ இறந்ததற்குச் சான்று. விளிம்புப் படம், வெண்கலத் தட்டு, குடும்ப ஓய்வூதியத் தாள், வீட்டுப் பத்திரத்தில் 'யுத்தத்தில் இறந்த இன்னார் மனைவி' என்று வரும் வரி, எல்லாம் உதவும். பாட்டியின் சொல்லை அவர் சொன்னபடியே, தேதி போட்டு, தனித்தாளில் எழுதி இணையுங்கள். ஆவணத்தையும் வாய்மொழியையும் கலந்து ஒரே கதையாக எழுதினால் சரிபார்க்கிறவர்களுக்கு எதை நம்புவது என்று தெரியாது.

திதி கொடுக்க வேண்டுமானால் ஆங்கிலத் தேதியிலிருந்து பழைய பஞ்சாங்கக் கணக்கில் திதி எடுக்கலாம். இராக் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் என்பதால், திதி மாறும் நாளாக இருந்தால் புரோகிதரிடம் அதைச் சொல்லுங்கள். குடும்பத்தில் 'ராட்சச வருஷம் பங்குனி' என்பதுபோல ஏதாவது சொல் மிஞ்சியிருந்தால் அதுவும் தடயம்: ராட்சச ஆண்டு 1915 ஏப்ரல் முதல் 1916 ஏப்ரல் வரை, நள அடுத்த ஆண்டு, பிங்கள அதற்கடுத்தது. தேதியே கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. மகாளய பட்சத்தில் சதுர்த்தசி, ஆயுதத்தால் இறந்தவர்களுக்கென்றே ஒதுக்கிய நாள். பஞ்சாங்கத்தில் 'சஸ்திரஹத மகாளயம்' என்று போட்டிருக்கும். நோயால் இறந்ததாகத் தெரிந்தால் மகாளய அமாவாசை. கிறிஸ்தவக் குடும்பமானால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் ஊர்க் கல்லறைச் சிலுவையடியில் அவர் பெயரையும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றலாம்.

கல் வைப்பதென்றால் செங்கம் பக்கத்து நடுகற்களைப் போய்ப் பாருங்கள், ஆரணிக்கு அது தூரமில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தக் கற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்தப் பூசல், யாருடைய சேவகன், என்ன பெயர் என்று நாலே செய்திதான் இருக்கும். புகழ்ச்சி இல்லை. உங்கள் கல்லுக்கும் அது போதும்: பெயர் தமிழில், கீழே பதிவில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல், எண், பிரிவு, இறந்த தேதி, போர்முனை, எந்த நினைவிடத்தில் பதிவு. உடல் அங்கே இல்லாததால் 'கல்லறை' என்று எழுதாமல் 'நினைவுக்கல்' என்று எழுதுங்கள். இரண்டடிக்கு ஒன்றரையடி கருங்கல் பலகை போதும், எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெயிண்ட் பூச்சை மட்டும் நம்பாமல் எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். வண்ணம் போனாலும் நிழலில் படிக்க முடியும். வெட்டுவதற்கு முன் முழு அளவில் தாளில் எழுதி வாங்கி, வீட்டில் இரண்டு பேர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். ர, ற, ல, ள தவறும், தேதியில் மாதமும் நாளும் இடம் மாறுவதும் கல்லில் ஏறிவிட்டால் திருத்த முடியாது. சொந்த நிலமில்லாத இடமென்றால் ஊராட்சியில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பிரான்ஸா பஸ்ராவா என்பது உறுதியாகும்வரை போர்முனை வரியை வெட்டாதீர்கள். கல்லின் அடியில் நான்கு விரல் இடம் விட்டுவையுங்கள், ஊர் தெரிந்த அன்று கல்தச்சரைத் திரும்பக் கூப்பிட்டு அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.